கடிச்சுப் பாத்த இயர்போன்

இயர்போன் வாங்கேக்க கடிச்சுப் பாக்கக்கூடாது. இதை முதல்லயே சொல்லிப்போட்டன், ஏனெண்டால் நான் மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறதுக்கிடையில நீங்கள் போய் வாங்கிப்போடுவியள். இழுத்துப் பாக்கலாம், முறுக்கிப் பாக்கலாம், மணந்து பாக்கலாம். கடைக்காரன் அங்கால திரும்பி நிண்டால் கடல்தண்ணியில தோய்ச்சுக்கூடப் பாக்கலாம். கடிக்க மட்டும் கூடாது. இந்தப் புத்தியை எங்கட ஊரில நான் சொன்னால் சனம் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கும். சிரிக்கட்டும். சிரிக்கிற வாயளுக்க எத்தினை பல்லு கிடக்கெண்டு எனக்குத் தெரியும்.

என்ர வாயில மூண்டு கிடக்கு. மேல ரெண்டு, கீழ ஒண்டு. மூண்டும் நல்ல இரும்பு. நான் எதைக் கடிச்சாலும் அடுப்புக்கல்லு வைச்ச மாதிரி மூண்டு குழி விழும். கருவாடு காஞ்சுதோ எண்டு பாக்கிறதுக்கு நான் வாலடியில ஒரு கடி கடிக்கிறது வழக்கம். மன்னார் ரவுணில இருந்து கருவாடு எடுக்க வாற யாவாரிமார் அந்த மூண்டு குழியைத்தான் தேடுவினம். "ஆச்சியின்ர பல்லுப் பட்டதே? அப்ப போடுங்கோ" எண்டு சாக்கை விரிப்பினம். கந்தோரில முத்திரை குத்திற மாதிரித்தான் என்ர பல்லு. வலைநூலும் அப்பிடித்தான். தங்கூசி நூலைக் கடைவாயில வைச்சு ஒரு நறுக்கு, பழசோ புதுசோ எண்டு சொல்லிப்போடுவன். ஆனபடியால் ஒரு வயரைக் கையில தந்தால் அது என்ர வாய்க்குப் போறதில என்ன அதிசயம்?

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுறா. அவ இந்தியாவில முகாமில பிறந்து வளந்த பிள்ளை. "அத்தை, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" எண்டு இப்பவும் நிப்பாட்டுறா. மெதுவாச் சொன்னால் எனக்கு மறந்துபோம், நீ கெதியா எழுது பிள்ளை.

இயர்போன் எனக்கேன் எண்டு கேப்பியள். பாட்டுக்குத்தான். ஆனால் நீங்கள் நினைக்கிற பாட்டில்லை, ஒப்பாரி.

பெரிய வெள்ளியண்டு எங்கட கோயில்ல சிலுவையடியில நிண்டு மாதா அழுற ஒப்பாரி பாடுவினம். எங்கட ஊருக்கெண்டு ஒரு பாட்டு, ஒரு ராகம். சண்டைக்கு முதல் நான் சின்னப் பெட்டையா நிண்டு கேட்டது. பிறகு நாங்கள் படகேறி அங்கால போனம். இருபது வருசம் முகாம். அங்கயும் கோயில் இருந்தது, பெரிய வெள்ளி வந்தது, அங்கத்தைய பாட்டு அவை பாடினவை. நல்ல பாட்டுத்தான், எனக்கு அழுகை வரேல்ல. ஒவ்வொரு வருசமும் நான் மனதுக்க ஒரு நேர்த்தி வைப்பன்: மாதாவே, திரும்பிப் போனால் எங்கட கோயில்ல, எங்கட சிலுவையடியில, எங்கட பாட்டை நான் முன்னுக்கு நிண்டு பாடோணும். கூரை வேணும், கிணறு வேணும் எண்டெல்லாம் கேக்கிறதை விட்டிட்டு இதைத்தான் கேட்டனான். என்ர மனுசனுக்கு இண்டைக்கும் அதில கோவம். "கூரையையும் கேட்டிருக்கலாமே" எண்டுவார்.

திரும்பி வந்தம். கோயில் கிடந்தது, கூரை இல்லை. பேந்து கூரையும் போட்டாச்சு. பாட்டு மட்டும் இல்லை, இங்க நிண்டவைக்கும் மறந்துபோச்சு. பாட்டுத் தெரிஞ்ச அண்ணாவியார் கிழவர் இடம்பெயர்ந்து போய்ப் பெரியமடுவில மகளோட இருக்கிறார் எண்டு கதை வந்தது. அவற்ற கொப்பி எந்தக் காட்டில விழுந்ததோ தெரியாது, எல்லாம் தலைக்கதான் கிடந்தது. ஃபாதர் இளம் மனுசன், புதுசா வந்தவர். அவர் கிழவரையும் பெரியமடுப் பாட்டுக்காரர் கொஞ்சப் பேரையும் மன்னாருக்குக் கூப்பிட்டு, ஒரு தம்பியின்ர அறையில மைக் வைச்சுப் பாட்டைப் பிடிச்சுப்போட்டார். பிடிச்சதை எல்லாற்ற போனுக்கும் ஏத்தித் தந்தார். "தபசுகாலம் முழுக்கக் கேட்டுப் பழகுங்கோ. குருத்தோலை ஞாயிறுக்கு முதல் சனி ஒத்திகை வைப்பம். ஆர் முழுசாப் பாடமாக்கி வாறியளோ, அவைதான் பெரிய வெள்ளிக்கு முன்னுக்கு நிண்டு பாடுறது" எண்டார்.

முன்னுக்கு எண்ட சொல்லு அவற்ற வாயால வரேக்கயே நான் திரும்பிப் பாத்தன். என்ர மச்சாளும் என்னைத் திரும்பிப் பாத்தா.

மச்சாள் எண்டது என்ர மனுசன்ர தங்கச்சி. நாங்கள் ஓடேக்க அவை ஓடேல்ல. அடியும் உதையும் பட்டு இங்கதான் கிடந்தவை. அதால கோயில்ல கூட்டிற தும்புத்தடியைத் தொட்டாலும் "நாங்கள் இங்க நிண்டனாங்கள்" எண்டு ஒரு கதை சொல்லுவா. நானும் விடமாட்டன். "நாங்கள் அங்க நிண்டு உங்களுக்குந்தான் செபிச்சனாங்கள்" எண்டுவன். "செபம் இஞ்ச வந்து சேரேல்ல, இடையில நேவி மறிச்சுப்போட்டான் போல" எண்டுவா. அப்பிடி ஒரு வாய். எட்டாம் வகுப்பு வேற படிச்சவ. ஆனால் இந்தப் பாட்டுக்கு எழுத்து உதவாது, காதுதான் வேணும். அதில எனக்கு உள்ளுக்க பெரிய சந்தோசம்.

இப்ப சங்கதி விளங்குதோ? சாவில்லாத வீட்டில ஒப்பாரி கேக்கக்கூடாது. கோயில் பாட்டெண்டாலும் ஒப்பாரி ஒப்பாரிதான். அதுவும் என்ர மருமகள் அப்ப வயித்துப்பிள்ளைக்காரி. போனில சத்தமா விட்டால் ஊரே வந்து வாசல்ல நிண்டு "ஆர் போனது?" எண்டு கேக்கும். அதால அந்தத் தபசுகாலம் எங்கட ஊரில ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் காதில வயரோட திரிஞ்சினம். நாலு கிழவியள் கிணத்தடியில வயரைக் கொழுவிக்கொண்டு நிண்டு, ஒருத்தரோட ஒருத்தர் கதையாமல், கண்ணை மூடிக்கொண்டு வாயை ஆட்டுறதைப் பாத்துத் தண்ணி பவுசர்க்காரன் பயந்து ஹோர்னை அடிச்சவன்.

மகன் தந்தது முதலாவது இயர்போன். கறுப்பு, மினுமினுப்பு, பாக்க வடிவு. வடிவு எண்டாலே நான் யோசிப்பன். நல்ல மீன் மினுங்கும், நாள்பட்ட மீனில தண்ணியடிச்சு வைச்சாலும் மினுங்கும். காதுக்க வைச்சன். அண்ணாவியார் தண்ணித் தாங்கிக்குள்ள இருந்து, தலையில ஈரச்சாக்கைப் போர்த்துக்கொண்டு பாடுற மாதிரி இருந்தது. அடி மட்டும் டும் டும் எண்டு நெஞ்சுக்க இடிக்குது, சொல்லு ஒண்டும் விளங்கேல்ல. பொடியளின்ர பாட்டுக்கு அந்த இடி காணும். எனக்குச் சொல்லெல்லோ வேணும்? ஒரு கிழமையில கடல்காத்துப் பட்டு, போனில குத்திற பின்னில பச்சைப் பாசி பிடிச்சிட்டுது. அதோட அதுக்குப் பரலோகம்.

ரெண்டாவது பக்கத்து ஊர்த் திருநாள் கடையில வாங்கினது, சிவப்பு. சத்தம் பரவாயில்லை. ஆனால் குமிழில மாட்டியிருந்த றப்பர் ஒருநாள் என்ர காதுக்கயே நிண்டிட்டுது. வயரை இழுத்தால் வயர் வருது, றப்பர் வரேல்ல. மனுசன் வலை பொத்துற ஊசியைத் தூக்கிக்கொண்டு, "ஆடாமல் இரு, நான் எத்தினை வலையைப் பொத்தினனான்" எண்டு கிட்ட வந்தார். நான் கோயிலடி மட்டும் ஓடினன். ஓடின குலுக்கத்தில றப்பர் விழுந்தது. அண்டைக்குத்தான் நினைச்சன், கண்டதையும் காதுக்க விடேலாது, சோதிச்சுத்தான் வாங்கோணும் எண்டு.

சோதிக்கிறதுக்கு ஒரு வழியும் கண்டுபிடிச்சன். கரையில இருக்கிற பொம்பிளையளுக்கு அவையவையின்ர வள்ளத்து இஞ்சின் சத்தம் தெரியும். கண்ணுக்கு வள்ளம் தெரியிறதுக்கு முதலே அடுப்பில உலை வைச்சுப்போடுவம். என்ர மனுசன்ர இஞ்சின் நாலு அடி அடிச்சு ஒரு இருமல் இருமும். அந்த இருமலை நான் ஆயிரம் வள்ளத்துக்க பிடிச்சுப்போடுவன். மருமகளைக் கொண்டு அந்தச் சத்தத்தைப் போனில பிடிப்பிச்சன். அதோட பாரைமீன் பொரியிற சத்தத்தையும் பிடிப்பிச்சன். நல்ல இயர்போன் எண்டால் இருமல் கேக்கோணும், பொரியலில எண்ணெய் காஞ்சது காயாதது தெரியோணும். கூடாத இயர்போனில எல்லா இஞ்சினும் அரிசி மில்லு, எல்லாப் பொரியலும் தகரத்தில மழை.

மனுசன் இதைக் கேள்விப்பட்டிட்டு, "நான் வீட்டில இருந்து கதைக்கேக்க காது குடுக்காத மனுசி, என்ர இஞ்சினைக் காதுக்க வைச்சுக்கொண்டு இருக்கிறா" எண்டார்.

"இஞ்சின் சொல்லுறது விளங்குதே" எண்டன்.

மூண்டாவது வாங்க மருமகளையும் கூட்டிக்கொண்டு ரவுணுக்கு பஸ் ஏறினன். பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட ஒரு முஸ்லிம் நானா சாக்கை விரிச்சு, இயர்போனை இடியப்பம் மாதிரிக் குவிச்சு வைச்சிருந்தார். புத்தளத்தில இருபது வருசம் இருந்திட்டுத் திரும்பி வந்த மனுசன். எங்களைப் போலத்தான், நாங்கள் வடக்க போனம், அவை தெற்க போச்சினம்.

"எடுங்கோ ஆச்சி, எல்லாம் ஒரே விலை, எல்லாம் நல்லது" எண்டார்.

"எல்லாம் நல்லதெண்டால் ஒண்டும் நல்லதில்லை" எண்டு சொல்லிப்போட்டுக் குந்தினன்.

முதல் வயரை விரலுக்க வைச்சு உருட்டினன். உள்ளுக்க செம்பு நெருக்கமாக் கிடந்தால் நண்டுக்கால் மாதிரித் திண்மையா இருக்கும், இல்லாட்டில் வெறும் தோல் ஓடும். பிறகு ரெண்டு வயராப் பிரியிற கவர் இருக்கெல்லோ, அந்த இடத்தைப் பாத்தன். வலையெண்டாலும் வயரெண்டாலும் கிழியிறது கவரிலதான். அந்த இடத்தில ஒரு சின்னக் குழாய் போட்டு இறுக்கியிருந்தால் நல்லது, சும்மா பிசினால ஒட்டியிருந்தால் ரெண்டு கிழமை. பேந்து கால் பெருவிரலில கொழுவி இழுத்தன்.

"ஆச்சி, அது காதில போடுறது, கால்ல இல்லை" எண்டார் நானா.

"காது என்ன, கால் என்ன, இழுவை இழுவைதான் தம்பி."

பத்துப் பதினைஞ்சு கழிச்சு ரெண்டு வந்தது, வெள்ளை ஒண்டு, நீலம் ஒண்டு. வெள்ளையைப் போனில கொழுவினன். மாதாவே! என்ர மனுசன்ர இஞ்சின் பஸ் ஸ்ராண்டில வந்து நிண்ட மாதிரி. நாலு அடி, ஒரு இருமல். ரெண்டு காதிலயும் துலக்கம். பொரியலும் பாத்தன், எண்ணெய் காயேல்ல, மீனைக் கெதியாப் போட்டிட்டாள் மருமகள். அதையும் சொன்னன். அவவுக்கு முகம் கறுத்துப்போச்சு.

அதோட விட்டிருக்கலாம். நல்ல சாமான் எண்டு முடிவெடுத்தால் எனக்கு என்ன வரும்? வாய் வரும். அந்த நேரம் பாத்து ஒரு கழுதை வந்து நானாவின்ர சாக்கை மணந்தது. அவர் "போ போ" எண்டு அதைக் கலைக்கத் திரும்பினார். நான் வெள்ளை வயரைக் கவருக்குக் கொஞ்சம் மேல, வலக்காதுக்குப் போற பக்கத்தில வைச்சு, ஒரு நறுக்கு.

"அத்தை! கடிக்காதீங்க!" எண்டாள் மருமகள்.

கழுதைகூட மணந்திட்டு விட்டிட்டுப் போச்சுது. நான் கடிச்சுப்போட்டன்.

திரும்பக் காதுக்க வைச்சால் வலப்பக்கம் செத்துப்போச்சு. ஒரு பொட்டுச் சத்தமில்லை. அப்ப நான் என்ன நினைச்சன்? என்ர கடியாலதான் எண்டு நினைச்சனோ? இல்லை. "பாத்தியோ பிள்ளை, ஒரு கடி தாங்கேல்ல, கூடாத சாமான்" எண்டு சொல்லி, நானா இங்கால திரும்ப முதல் குவியலுக்க தள்ளிப்போட்டு, நீலத்தை எடுத்துக்கொண்டு வந்திட்டன். பஸ்ஸுக்க இருந்து கொஞ்ச நேரம் மனது உறுத்தினது. பேந்து ஆரோ கொய்யாப்பழம் தந்தினம், மறந்திட்டன்.

அடுத்த நாள் பூசைக்கு மச்சாள் காதில வெள்ளை வயரோட வந்து நிண்டா. "நேற்று ரவுணுக்குப் போனனான், நானாவிட்ட நல்ல சாமான் ஒண்டு ஆப்பிட்டது" எண்டு தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னா. வயரைக் கழுத்தில சங்கிலி மாதிரிப் போட்டிருந்தா. வெள்ளை வயர் நானாவிட்ட எத்தினையோ கிடந்தது. வேற ஒண்டாத்தான் இருக்கும் எண்டு நான் மாதாவைப் பாத்தன். மாதா என்னைப் பாக்கேல்ல.

நீல இயர்போன் தங்கம். பின்னுக்கு ஒவ்வொரு நாளும் தேங்காயெண்ணெய் ஒரு துளி பூசினன், பாசி பிடிக்கேல்ல. ஆனால் ரெண்டு குமிழிலயும் இது இந்தக் காது, அது அந்தக் காது எண்டு எழுத்துப் போட்டிருக்காம், எனக்கென்ன தெரியும்? மருமகள் வலக்காதுக் குமிழில சிவப்பு நூல் கட்டித் தந்தாள். நான் சிவப்பை மட்டும்தான் காதுக்க வைப்பன். மற்றது சட்டைக்குள்ள தொங்கும். ஏனெண்டால் நான் கருவாட்டுப் பரணடியில இருந்துதான் பாட்டுக் கேக்கிறது. ஒரு காது மாதாவுக்கு, ஒரு காது காகத்துக்கு. ரெண்டையும் மாதாவுக்குக் குடுத்தால் கருவாடு காகத்துக்கு.

பாட்டுச் சொல்லுக்குச் சொல்லு துலக்கமாக் கேட்டது. ஆனால் புதினமான பாட்டு. முழுக்கக் கேள்வி!

"ஆர் தறித்த மரமிதுவோ, ஆர் சுமக்கும் பாரமிதோ" எண்டு கேக்கும். பிறகு ஒண்டுமில்லை. தூரத்தில ஒரு இரைச்சல் மட்டும். பிறகு, "தாகமென்ற வாயினுக்குத் தண்ணி தந்ததாரம்மா" எண்டு கேக்கும். திரும்ப ஒண்டுமில்லை. இப்பிடியே போய், ஆகக் கடைசி அடி மட்டும் எல்லாரும் சேந்து பாடினம்.

சின்னனில நான் கேட்டதும் இப்பிடித்தானோ எண்டு யோசிச்சன். சின்னப் பெட்டை, என்னத்தை நினைவு கிடக்கும். ராகம் அதேதான், அது நிச்சயம். பேந்து யோசிச்சன், சரியாத்தான் கிடக்கு. பெரிய துக்கத்தில மனிசர் கேள்விதானே கேக்கிறது, ஆர் மறுமொழி சொல்லுறது? நாங்கள் படகில ஏறேக்க எத்தினை கேள்வி கேட்டம், ஆர் சொன்னவை? எவ்வளவு பெரிய அறிவு இந்தப் பாட்டுக்க எண்டு நினைச்சு எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. அந்த ஒண்டுமில்லாத இடம் ஏன் விட்டிருக்கெண்டும் கண்டுபிடிச்சன். அழுறதுக்கு! கேள்வியைப் பாடு, பிறகு நிண்டு அழு. நான் அந்த இடத்தை அளந்து அளந்து அழப் பழகினன். ஒரு விம்மல், ஒரு பெருமூச்சு, மூக்கைச் சிந்தி முந்தானையால துடைக்க, அடுத்த கேள்வி சரியா வந்து நிக்கும். ஒரு மணல் பிசகாது. மனுசன் கடலால வரேக்க நான் பரணடியில இருந்து மூக்குச் சிந்துறதைக் கண்டிட்டு, மருமகளிட்ட "உன்ர அத்தைக்கு என்ன, காய்ச்சலோ?" எண்டு கேட்டவராம்.

ஒத்திகை நாள் வந்தது. கோயிலுக்க எண்டபடியால் வாயை விட்டுப் பாடலாம். மருமகள் மட்டும் வயித்துப்பிள்ளையோட ஒப்பாரி கேக்கக்கூடாதெண்டு வெளியில வேப்பமரத்தடியில நிண்டாள். மற்றச் சனம் எல்லாம் பாதி பாதிதான் பாடமாக்கியிருந்தினம். முழுசா எண்டு கை தூக்கினது ரெண்டே ரெண்டு பேர்.

"முதல்ல நீங்கள் பாடுங்கோ அம்மா" எண்டு ஃபாதர் மச்சாளைப் பாத்துச் சொன்னார்.

மச்சாள் சிலுவையடியில போய் நிண்டா. வாயைத் திறக்கேல்ல. நெஞ்சில மூண்டு தரம் அடிச்சா. நாங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறம். அதுக்குப் பிறகு, "நான் சுமந்த பிள்ளையல்லோ தான் சுமக்கும் பாரமிது" எண்டு பாடினா. குரல் நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. திரும்ப வாயை மூடிக்கொண்டு நெஞ்சில அடி. பிறகு, "காடியிலே தோய்த்தெடுத்துக் கடற்பஞ்சு தந்தாரே." திரும்ப அடி. பொலிசில விசாரணைக்குப் போன ஆள் மாதிரி, ஒருத்தரும் கேக்காததுக்கெல்லாம் மறுமொழி சொல்லிக்கொண்டு நிக்கிறா.

எனக்கு உள்ளுக்க சிரிப்புத் தாங்கேலாமல் போச்சு. ஐயோ பாவம், வேற என்னவோ பாட்டைப் பாடமாக்கிக்கொண்டு வந்திட்டா எண்டு நினைச்சன். பாதி பாதியாப் பாடமாக்கின சனம் தங்களுக்குள்ள குசுகுசுத்தினம், பிழையெண்டு சொல்ல ஒருத்தருக்கும் துணிவில்லை. ஃபாதருக்கும் ஒண்டும் விளங்கேல்ல, அவருக்குப் பாட்டுத் தெரியாதே. பிடிச்சுத் தந்ததோட சரி, அந்த மனுசனுக்கு எங்கால நேரம்?

"சரி, இப்ப நீங்கள்" எண்டு என்னைப் பாத்தார்.

நான் போய் நிண்டன். இருபது வருச நேர்த்தி. "ஆர் தறித்த மரமிதுவோ, ஆர் சுமக்கும் பாரமிதோ" எண்டு எடுத்தன். எடுத்திட்டு அழுதன். விம்மல், பெருமூச்சு, மூக்கு, முந்தானை. "தாகமென்ற வாயினுக்குத் தண்ணி தந்ததாரம்மா." விம்மல், பெருமூச்சு.

"அம்மா, ஆரைக் கேக்கிறீங்கள்?" எண்டார் ஃபாதர் மெதுவா.

"பிழை!" எண்டு மச்சாள் பின்னால இருந்து கத்தினா. "ஃபாதர், இவ இந்தியாப் பாட்டைப் பாடுறா! எங்கட பாட்டு அது இல்லை!"

"எது எங்கட பாட்டு? நீ பாடினதோ? அது பாட்டோ, வாக்குமூலமோ?"

"எங்க, திரும்பப் பாடு பாப்பம்!"

"பாடுறன் கேள்!" எண்டு நான் அவவின்ர முகத்துக்கு நேரவே "ஆர் தறித்த மரமிதுவோ, ஆர் சுமக்கும் பாரமிதோ" எண்டு எறிஞ்சன். அழ மூச்செடுக்கிறதுக்கு முதல், அவ என்ர முகத்துக்கு நேர, "நான் சுமந்த பிள்ளையல்லோ தான் சுமக்கும் பாரமிது" எண்டு திருப்பி எறிஞ்சா. நான் விடுவனோ? "தாகமென்ற வாயினுக்குத் தண்ணி தந்ததாரம்மா!" அவ விடுவாவோ? "காடியிலே தோய்த்தெடுத்துக் கடற்பஞ்சு தந்தாரே!" எனக்கு அழ இடமில்லை, அவவுக்கு அடிக்க இடமில்லை. சந்தையில மீனுக்குச் சண்டை பிடிக்கிற மாதிரிக் கையை ஆட்டி ஆட்டி ரெண்டு பேரும் போட்டுத் தாக்கிறம். ஏழோ எட்டோ அடி போன பிறகுதான் கண்டன், வாங்குப் பலகையில இருந்த கிழவர் ஒருத்தர் எழும்பி முழங்காலில நிக்கிறார். மச்சாளின்ர கண்ணால தண்ணி ஓடுது. நான் அழேல்ல, எனக்கும் ஓடுது. கடைசி அடி ரெண்டு பேருக்கும் ஒண்டுதானே, சேந்து பாடி முடிச்சம்.

வெளியில ஒரு காகம் கத்தினது. எனக்கு உடன கருவாடு நினைவுக்கு வந்தது, அது வேற கதை.

"இதுதான்" எண்டார் முழங்காலில நிண்ட கிழவர். "இதுதான் பாட்டு. ஒரு பக்கம் கேள்வி கேக்கிறது, மற்றப் பக்கம் மறுமொழி சொல்லுறது."

ஃபாதர் என்ர நீலத்தை வாங்கி ரெண்டு காதிலயும் வைச்சுக் கேட்டார். அவற்ற முகத்தில வெளிச்சம் வந்தது. பாட்டைப் பிடிச்ச தம்பி, கோயில்ல ரெண்டு பக்கமும் நிண்டு பாடுற மாதிரி இருக்கட்டும் எண்டு, கேக்கிற பக்கத்தை ஒரு காதுக்கும் சொல்லுற பக்கத்தை மற்றக் காதுக்கும் பிரிச்சுப் போட்டிருக்கிறாராம். "நீங்கள் ரெண்டு காதிலயும் வைக்கேல்லயோ அம்மா?" எண்டார்.

"காகத்துக்கு ஆர் காது குடுக்கிறது ஃபாதர்?" எண்டன்.

"சரி. நீங்கள்?" எண்டு மச்சாளைக் கேட்டார்.

"நான் ரெண்டிலயும் வைச்சனான். ஒண்டு கேக்கிறேல்ல" எண்டு மச்சாள் வெள்ளை வயரைக் கழுத்தால கழட்டிக் குடுத்தா.

என்ர நெஞ்சு இஞ்சின் மாதிரி நாலு அடி அடிச்சு ஒரு இருமல் இருமினது.

ஃபாதர் வயரை விரலால தடவிக்கொண்டு போனார். கவருக்குக் கொஞ்சம் மேல விரல் நிண்டது. யன்னல் வெளிச்சத்தில பிடிச்சார். மூண்டு குழி, மேல ரெண்டு, கீழ ஒண்டு. அந்தக் கோயில்ல நிண்ட ஒவ்வொருத்தரும் என்ர கருவாடு திண்ட ஆக்கள். வயரைப் பாத்தினம். பேந்து எல்லாரும் சேந்து என்ர வாயைப் பாத்தினம். நான் வாயை இறுக்கி மூடினன். மூடி என்ன?

"நான்தான்" எண்டன். சிலுவையடியில நிண்டு என்னெண்டு பொய் சொல்லுறது? "நான்தான், மச்சாள், கடிச்சனான். கடிச்சுப்போட்டுக் குவியலுக்க தள்ளிப்போட்டு வந்தனான். முன்னுக்கு நீயே நிண்டு பாடு. எனக்கு வேண்டாம்."

இருபது வருசம் கேட்டது, ஒரு கடியில போச்சுது பாருங்கோ.

மச்சாள் வாயைத் திறந்தா. இப்ப ஊர் கிழியப்போகுது எண்டு நான் கண்ணை மூடினன்.

"எனக்குத் தெரியும் உன்ர பல்லெண்டு" எண்டா.

"என்ன?"

"நானாவின்ர குவியலுக்க கிளறேக்க மூண்டு குழியைக் கண்டனான். மச்சாள் கடிச்சு விட்டது எண்டால் நல்ல சாமானாத்தானே இருக்கும் எண்டுதான் அதைத் தேடி எடுத்தனான். வீட்டை வந்து பாத்தால் ஒரு பக்கம் செத்துக் கிடக்கு. உன்ர பல்லு பிழைக்காதே, என்ர காதிலதான் பிழையெண்டு நினைச்சு ஆஸ்பத்திரிக்கும் போய்க் காதைக் கழுவிக்கொண்டு வந்தனான்!"

ஐயோ, கோயில் எண்டும் பாக்காமல் சனம் சிரிச்சுது. ஃபாதர் பீடத்தைப் பாத்துத் திரும்பி நிண்டார், தோள் மட்டும் குலுங்கினது. மருமகள் வெளியில நிண்டு "என்ன ஆச்சு அத்தை, என்ன ஆச்சு?" எண்டு வேப்பமரத்தடியில கிடந்து துடிக்கிறாள், உள்ளுக்க வரேலாது, பாவம்.

மிச்சக் கிழமை முழுக்க என்ர நீலத்தை வைச்சு ரெண்டு பேரும் ஒண்டாப் பழகினம். சிவப்பு நூல் எனக்கு, மற்றது அவவுக்கு. அங்கதான் அந்த இயர்போனில நான் பாக்காமல் விட்ட பிழை பிடிபட்டது: கவர் கட்டை. ரெண்டு வயரும் பிரியிற இடத்தில இருந்து குமிழ் வரைக்கும் ஒரு முழம்கூட வராது. ரெண்டு பேருக்கும் காதில நிக்கோணும் எண்டால் கன்னத்தோட கன்னம் முட்டிக்கொண்டு இருக்கோணும். அவ தலையை ஆட்டினால் என்ர காதால கழரும், நான் காகத்துக்குக் கை எறிஞ்சால் அவவின்ர காதால கழரும். ஒவ்வொருக்கால் கழரேக்கயும் ஒரு சண்டை. ஆனால் காகம் ஒண்டும் கிட்ட வரேல்ல. ரெண்டு தலையுள்ள கிழவியைக் கண்டால் எந்தக் காகம் வரும்?

பெரிய வெள்ளிக்கு ஃபாதர் எங்களைச் சிலுவைக்கு அந்தப் பக்கம் ஒண்டு, இந்தப் பக்கம் ஒண்டா நிப்பாட்டினார். முன்னுக்குத்தான், ரெண்டு பேரும். நான் கேட்டன், அவ சொன்னா. நான் கேக்கிற கேள்வியெல்லாத்துக்கும் இங்க நிண்டவள் ஒருத்தி மறுமொழி சொல்லிக்கொண்டு நிக்கிறாள். எனக்கு மூக்குச் சிந்த நேரமே கிடைக்கேல்ல.

மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது, பெட்டை. கத்தினால் நாலு கத்தல், ஒரு இருமல். மனுசனுக்குப் பெருமை பிடிபடேல்ல.

இப்ப ஊரில ஆர் இயர்போன் வாங்கினாலும் என்னட்டத்தான் கொண்டு வருவினம். இஞ்சின் சத்தம் பாக்கிறன், பொரியல் பாக்கிறன், வயரை உருட்டுறன், பெருவிரலில கொழுவி இழுக்கிறன். வாயை மட்டும் மூடிக்கொண்டிருக்கிறன். கடைசியா மச்சாளைக் கூப்பிட்டு, ஒரு குமிழை என்ர காதில வைச்சு, மற்றதை அவவின்ர காதில வைச்சு, ரெண்டு பேரும் நிமிர்ந்து இருந்து பாப்பம். கன்னம் முட்டாமல் இருக்க ஏலுமெண்டால் அதுதான் நல்ல சாமான். முட்டினால் கூடாது எண்டு திருப்பிக் குடுக்கச் சொல்லுவம்.

நாங்கள் மட்டும் இன்னும் அந்த நீலத்தைத்தான் வைச்சிருக்கிறம்.